தூக்கி எறியும் சுறாக் குருத்து!
மீன் கழிவில் இருந்து ஒரு வெள்ளைப் பொடி. அதில் எது மெய், எது பொய்?

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, பொம்மையார்பாளையம் என்று ஓர் ஊர் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. மயிலம் முருகன் கோயிலைக் கவனித்துவரும் பொம்மபுர ஆதீனத்தின் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படும் ஊர். கடல் ஓரத்தில் மீனவர்கள் வாழ்கிறார்கள்.

பொழுது விடிகிறது. படகுகள் கரைக்கு வருகின்றன. வலையை உதறுகிறார்கள். நெத்திலியும் சங்கராவும் கூடைக்குப் போகின்றன. சில நாட்களில் வலையில் ஒரு பால்சுறா இருக்கும். அல்லது ஒரு திருக்கை இருக்கும்.

மீன் அறுக்கும் ஆயாவின் அரிவாள்மனையில் சுறா துண்டு துண்டாகிறது. சதை விலைக்குப் போகிறது. புட்டுக்கு ஆகும், குழம்புக்கு ஆகும். மிஞ்சினால் உப்புப் போட்டுக் கருவாடு ஆக்கலாம்.

தலை, முதுகுத் தண்டு, துடுப்பின் அடிப்பகுதி? அவை ஓரமாக விழுகின்றன. காக்கையும் நாயும் காத்து இருக்கின்றன.

"ஆயா, அந்த எலும்பை ஏன் எறியறீங்க?" என்று கேட்டால், அவர் சிரிப்பார்.

"இது எலும்பு இல்ல கண்ணு. குருத்து. கத்தி வச்சா வெட்டுப்படும். எலும்பா இருந்தா வெட்டுப்படுமா?"

ஆயா சொல்வது அப்படியே உண்மை. அந்தக் குருத்துக்கு உள்ளே இருக்கும் ஒரு பொருளைத்தான் இன்று உலகத்தின் பல ஆராய்ச்சிச் சாலைகளில் பொடியாக்கிப் பார்க்கிறார்கள். அந்தப் பொடியைப் பற்றிச் சில நல்ல செய்திகள் உண்டு. சில பொய்ச் செய்திகளும் உண்டு. இரண்டையும் பிரித்துத் தெரிந்து கொள்வது, மீன் பிடிப்பவருக்கும் நல்லது. மீன் சாப்பிடுபவருக்கும் நல்லது.

எலும்பு இல்லாத மீன்

வஞ்சிரத்துக்கு எலும்பு உண்டு. வவ்வாலுக்கும் உண்டு. ஆனால் சுறாவுக்கும் திருக்கைக்கும் ஓர் எலும்புகூடக் கிடையாது! உடம்பைத் தாங்குவது முழுவதும் குருத்துதான்.

உங்கள் காது மடலைத் தொட்டுப் பாருங்கள். வளைத்தால் வளைகிறது. விட்டால் பழையபடி நிற்கிறது. மூக்கு நுனியும் அப்படித்தான். அதுதான் குருத்தெலும்பு. நம் முழங்காலில், எலும்பும் எலும்பும் உராயாமல் மெத்தைபோல் இருப்பதும் அதே.

இந்தக் குருத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது. குருத்துக்கு உறுதி தரும் நார் ஒன்றும் இருக்கிறது. அந்த நாருக்குக் கொலாஜன் என்று பெயர். அது ஒரு வகைப் புரதம்.

தோலில் இருப்பது கொலாஜன். எலும்பில் இருப்பது கொலாஜன். நரம்புபோல் தசையை எலும்போடு கட்டும் நாணிலும் கொலாஜன். நம் உடம்பில் உள்ள புரதம் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தால், சுமார் 3-ல் 1 பங்கு கொலாஜன்தான்.

சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

கொலாஜன் எப்படிப் பின்னப்பட்டு இருக்கிறது? இந்தக் கேள்வி பல காலம் உலக விஞ்ஞானிகளைக் குழப்பியது. இதற்கு விடை சொன்ன இடம் லண்டன் அல்ல, நியூயார்க்கும் அல்ல. நம் சென்னைதான்!

ஜி. என். ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். அப்போது அவருக்கு வயது 30. அவரும் கோபிநாத் கர்த்தாவும் சேர்ந்து கொலாஜனை ஆராய்ந்தார்கள். கங்காருவின் வால் நாணில் உள்ள கொலாஜன் மீது எக்ஸ்-ரே கதிரைப் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். படத்தில் விழுந்த புள்ளிகளையும் கோடுகளையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

1954-ல் விடையை வெளியிட்டார்கள். 1955-ல் அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். அந்த விடை என்ன?

கொலாஜன் என்பது ஒரு முப்புரிக் கயிறு!

மீனவர் படகைக் கட்டும் கயிற்றைப் பாருங்கள். 3 புரிகளைச் சேர்த்து முறுக்கி இருப்பார்கள். ஒரு புரி தனியாக இருந்தால் அறுந்து போகும். 3 புரி முறுக்கினால் படகையே இழுத்து நிறுத்தும். கொலாஜனும் அப்படித்தான். 3 இழைகள் ஒன்றோடு ஒன்று முறுக்கிக் கிடக்கின்றன. ஒவ்வோர் இழையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மணிகள் கோத்த மாலை போன்றது. அந்த மணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர்.

இதில் ஒரு விந்தை. ஒவ்வொரு 3-வது மணியும் கிளைசின் என்ற மணியாகவே இருக்கிறது. மணிகளில் மிகச் சிறியது அதுதான். ஏன் அப்படி? கயிற்றின் நடுவில் இடம் குறைவு. பெரிய மணி அங்கே நுழையாது. சின்ன மணிதான் நுழையும்.

சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948-ல் தொடங்கியது. அங்கே உள்ள ஓர் அரங்கத்துக்கு 'ட்ரிப்பிள் ஹீலிக்ஸ்' என்று பெயர். முப்புரி முறுக்கு என்பது அதன் பொருள். தோல் என்றாலே கொலாஜன் அல்லவா? பொருத்தமான பெயர்தான்.

மறுநாள் மீன் குழம்பு

இந்தக் கொலாஜனை நீங்கள் ஏற்கனவே பார்த்து இருக்கிறீர்கள்.

மார்கழிக் குளிரில், முந்தின நாள் மீன் குழம்புச் சட்டியைத் திறந்து பாருங்கள். குழம்பு உறைந்து, அல்வாபோல் நடுங்கும். அடுப்பில் வைத்தால் மறுபடி இளகும். ஆட்டுக்கால் சூப்பும் இப்படித்தான் உறையும்.

தண்ணீரில் கொதிக்கும்போது, முப்புரிக் கயிற்றின் முறுக்கு அவிழ்ந்து விடுகிறது. 3 இழைகளும் தனித்தனியே மிதக்கின்றன. ஆறியதும் ஒன்றோடு ஒன்று சிக்கிக் கொள்கின்றன. நடுவில் தண்ணீரைப் பிடித்துக் கொள்கின்றன. அதுதான் அந்த நடுக்கம். முறுக்கு அவிழ்ந்த இந்தக் கொலாஜனுக்கு ஜெலட்டின் என்று பெயர். மருந்துக் குப்பியாக வரும் 'கேப்சூல்' மாத்திரையின் மேல் உறை பெரும்பாலும் இதனால் செய்ததே.

மாட்டுக் கொலாஜனைவிட மீன் கொலாஜன் குறைந்த சூட்டில் அவிழும். குளிர்ந்த கடல் மீனுடையது இன்னும் சீக்கிரம் அவிழும். நம் கடல் வெதுவெதுப்பானது. ஆகவே நம் மீன்களின் கொலாஜன் சற்று அதிகச் சூட்டைத் தாங்கும்.

பப்பாளிக் காயின் வேலை

இனிமேல்தான் பொடியின் கதை.

கறி வேகாவிட்டால் நம் பெண்கள் என்ன செய்வார்கள்? ஒரு துண்டு பப்பாளிக் காயைப் போடுவார்கள். கறி பஞ்சாக வெந்து விடும். பப்பாளிப் பாலில் பப்பைன் என்று ஒரு நொதி இருக்கிறது. அது புரத மாலையைத் துண்டு துண்டாக வெட்டும் கத்தரி!

மீன் குருத்துக்கும் இதே வைத்தியம்தான். முதலில் குருத்தைச் சுத்தமாகச் சுரண்டிக் கழுவுகிறார்கள். காரநீரிலும் அமில நீரிலும் ஊற வைத்து, வேண்டாத கொழுப்பையும் சுண்ணாம்புச் சத்தையும் மற்றப் புரதங்களையும் நீக்குகிறார்கள். பிறகு கொலாஜனைப் பிரித்து எடுத்து, அதோடு நொதியைச் சேர்க்கிறார்கள். பப்பைன் சேர்த்தால் 50, 60 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து இருக்கிறார்கள். வெட்டியது போதும் என்று தெரிந்ததும் கொதிக்க வைக்கிறார்கள். சூட்டில் நொதி செத்துப் போகும். கத்தரி நின்று விடும். பின்பு வடிகட்டி உலர்த்தினால், வெள்ளைப் பொடி!

முழுக் கொலாஜன் கயிற்றின் எடையை 3 லட்சம் என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்தப் பொடியில் உள்ள துண்டுகளின் எடை 3 ஆயிரம், 5 ஆயிரம் என்ற அளவில்தான் இருக்கும். அவ்வளவு சிறிய துண்டுகள்.

சிறியதானதும் குணம் மாறி விடுகிறது. ஜெலட்டின் வெந்நீரில்தான் கரையும். இந்தப் பொடி பச்சைத் தண்ணீரிலேயே கரையும். ஆறினாலும் உறையாது. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்து வைக்க இது உதவும். அடித்தால் நுரை கட்டும். ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஆகவே ரொட்டி, பானம், முகப்பூச்சு என்று பல பண்டங்களில் சேர்க்கிறார்கள்.

ஆனால் அளவு முக்கியம். அதிகம் வெட்டினால் நுரை நிற்காது. எண்ணெயும் பிரிந்து விடும். குறைவாக வெட்டினால் சரியாகக் கரையாது. எந்த இடத்தில் கத்தரியை நிறுத்துவது என்பதில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது.

ஊதா நிறம் மஞ்சள் ஆகிறது

கருவாட்டை நாள்பட வைத்தால் நிறம் மாறுகிறது. எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கிறது. அரிந்து வைத்த கத்தரிக்காய் கறுத்துப் போகிறது. இரண்டுக்கும் காரணம் காற்றில் உள்ள பிராணவாயு.

கொழுப்போடு பிராணவாயு சேரும்போது சில போக்கிரி அணுக்கள் பிறக்கின்றன. அவற்றிடம் ஓர் எலெக்ட்ரான் ஜோடி இல்லாமல் நிற்கும். ஜோடி தேடி, பக்கத்தில் இருப்பதிடம் பறிக்கும். பறிகொடுத்தது இன்னொன்றிடம் பறிக்கும். சந்தையில் ஆரம்பித்த அடிதடிபோல் பரவும். நம் உடம்பிலும் இப்படிப்பட்ட அணுக்கள் தோன்றுவது உண்டு.

அந்தச் சண்டையில் புகுந்து, "இந்தா, வைத்துக்கொள்" என்று கேட்டதைக் கொடுத்து அமைதி செய்யும் பொருள்களும் உண்டு. அவற்றை ஆக்சிஜன் எதிர்ப்பொருள் என்கிறார்கள். நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் 'சி' அப்படிப்பட்ட ஒன்று.

குருத்துப் பொடிக்கு இந்தக் குணம் உண்டா? ஆராய்ச்சிச் சாலையில் இதற்கு ஓர் அழகான பரிசோதனை இருக்கிறது. 'டி.பி.பி.எச்.' என்று ஓர் ஊதாச் சாயம். அதுவும் ஜோடி தேடும் போக்கிரிதான். அதில் ஆக்சிஜன் எதிர்ப்பொருளைச் சேர்த்தால் ஊதா வெளுத்து மஞ்சள் ஆகும். எவ்வளவு வெளுத்தது என்று கருவியால் அளந்து, குணத்தைக் கணக்கிடுகிறார்கள்.

சீனாவில் ஜெஜியாங் கடல் பல்கலைக்கழகத்தார் சுறா, திருக்கை இனங்களின் குருத்தை இப்படிச் சோதித்து இருக்கிறார்கள். ஊதா வெளுத்தது! பொதுவாக, துண்டு சிறியதானால் குணம் கூடுகிறது. காரணம் எளியது. கயிறு முறுக்கோடு இருந்தால் உள்நார் வெளியே தெரியாது. வெட்டிப் பிரித்தால், கொடுக்கக்கூடிய நுனிகள் எல்லாம் வெளியே வருகின்றன.

கருவாடும் மீன் எண்ணெயும் சிக்கு வாடை அடிக்காமல் நாள்பட இருக்க இது உதவக்கூடும். மீன் கழிவைக் கொண்டே மீனைக் காக்கலாம்! இது நல்ல செய்தி.

கண்ணாடிக் குழாய் வேறு, வயிறு வேறு

இங்கேதான் நேயர்கள் உஷாராக இருக்க வேண்டும்.

ஊதா மஞ்சள் ஆனது கண்ணாடிக் குழாயில். மனிதன் வயிற்றில் அல்ல! நாம் சாப்பிட்ட துண்டுகளை வயிறும் குடலும் இன்னும் வெட்டுகின்றன. சில குட்டித் துண்டுகள் வெட்டுப்படாமல் ரத்தத்தில் சேருவதை 2005-ல் ஜப்பானில் கண்டார்கள். அது உண்மை. தோலுக்கும் முழங்காலுக்கும் கொஞ்சம் பலன் தெரிந்ததாகச் சில பரிசோதனைகள் சொல்வதும் உண்மை. ஆனால் அவற்றில் பல சிறியவை. பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் பொடி விற்பவர்களே. இதை வைத்து, "கிழவி குமரி ஆவாள்" என்று விளம்பரம் செய்தால் நம்பலாமா?

இன்னொரு பொய் இதைவிடக் கொடியது.

1992-ல் அமெரிக்காவில் வில்லியம் லேன் என்பவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். சுறாவுக்குப் புற்றுநோய் வராது என்பது அதன் தலைப்பு. சுறாக் குருத்துப் பொடி புற்றுநோய்க்கு மருந்து என்ற பேச்சு உலகம் எங்கும் பரவியது. பயந்துபோன நோயாளிகள் பணத்தைக் கொட்டி வாங்கினார்கள்.

உண்மை என்ன? சுறாவுக்கும் புற்றுநோய் வருகிறது! சுறா இன மீன்களில் காணப்பட்ட 40-க்கும் மேற்பட்ட கட்டிகளை 2004-ல் விஞ்ஞானிகள் பட்டியல் போட்டுக் காட்டினார்கள். சுறாக் குருத்தில் இருந்து எடுத்த மருந்தை, நுரையீரல் புற்றுநோய் கண்ட 379 பேரிடம் முறைப்படி சோதித்தார்கள். 2010-ல் முடிவு வெளியாயிற்று. மருந்து சாப்பிட்டவர்கள், வெறும் போலி மருந்து சாப்பிட்டவர்களைவிடக் கூடுதலாக வாழவில்லை.

ஆகவே வீட்டில் யாருக்காவது நோய் என்றால் டாக்டரிடம் போங்கள். பொடி டப்பாவிடம் போகாதீர்கள்.

பாரிஸ் நகரத்து எலும்பு சூப்

"புரதம்தானே? உடம்புக்கு நல்லதுதானே?" என்று கேட்கலாம். இதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது.

19-வது நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிஸ் நகரத்தில் ஏழைகளுக்கு எலும்பைக் கொதிக்க வைத்து ஜெலட்டின் சூப் கொடுத்தார்கள். மலிவு, ஆனால் சத்து உண்டா? மஜாந்தி என்ற டாக்டரின் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் பிழைக்கவில்லை! 1841-ல் குழு அறிக்கை கொடுத்தது.

காரணம் பின்னால் தெரிந்தது. உடம்புக்குக் கட்டாயம் வேண்டிய டிரிப்டோபன் என்ற மணி கொலாஜன் மாலையில் கிடையாது. ஒரு முட்டையில் அது இருக்கிறது. பருப்பும் சோறும் சேர்ந்தால் கிடைக்கிறது. நெத்திலிக் குழம்பில் இருக்கிறது.

நம் உடம்பு தனக்கு வேண்டிய கொலாஜனைத் தானே முறுக்கிக் கொள்கிறது. அதற்கு நல்ல புரதமும் வைட்டமின் 'சி'யும் வேண்டும். அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு மாதக் கணக்கில் பச்சைக் காய் கிடைக்காது. ஈறு வீங்கும், பல் உதிரும், ஆறிய புண் மறுபடி திறக்கும். ஸ்கர்வி என்ற அந்த நோய்க்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தால் குணமாகிறது என்று, 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் சோதித்துக் காட்டினார். புண் திறந்ததற்குக் காரணம், கொலாஜன் கயிறு சரியாக முறுக்கப்படாததுதான்.

ஆகவே கையில் காசு குறைவாக இருந்தால், டப்பாப் பொடியைவிட ஒரு முட்டையும் ஒரு நெல்லிக்காயும் மேல்!

சுறாவைக் கொல்ல வேண்டாம்

அப்படியானால் குருத்துப் பொடி வீண்தானா? இல்லை. மருந்து என்ற வேஷத்தைக் கலைத்து விட்டால், அது நல்ல தொழில்பொருள். தீக்காயத்தின் மேல் ஒட்டும் கொலாஜன் சவ்வை நம் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமே தயாரித்துக் காட்டி இருக்கிறது. கொச்சியில் 1957-ல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீன் செதிளில் இருந்து கொலாஜன் துண்டுகளை எடுக்கும் முறையைக் கண்டு இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கேட்டு அறிய நமக்கு இடங்கள் உண்டு.

ஆனால் ஒரு நிபந்தனை. குருத்துக்காகச் சுறாவைத் தேடிக் கொல்லக் கூடாது.

நெத்திலி ஆயிரக் கணக்கில் முட்டை இடும். சுறா அப்படி அல்ல. பருவம் அடையவே பல இனங்களுக்குப் பல ஆண்டுகள் ஆகும். குட்டிகளும் கொஞ்சம்தான். 1970-க்குப் பின் பெருங்கடல் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் குறைந்து விட்டது என்று 2021-ல் வெளிவந்த உலகக் கணக்கு சொல்கிறது. திமிங்கிலச் சுறாவையும் வேளா மீனையும் பிடிப்பது நம் நாட்டில் 2001 முதல் சட்ட விரோதம். சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு 2015-ல் தடை வந்தது.

இன்னொன்றும் உண்டு. பெரிய சுறாக்களின் உடம்பில் பாதரசம் சேர்ந்து இருக்கும். அதைச் சோதிக்காமல் தின்னும் பொருளாக ஆக்கக் கூடாது.

ஆகவே சரியான வழி இது: சட்டம் அனுமதிக்கும் மீன், சாப்பாட்டுக்கு என்று வலையில் வந்த மீன், அதை அறுத்தபின் மிஞ்சும் குருத்து, தோல், செதிள். இவை போதும். உடனே கழுவிப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்து அழுகினால் கொலாஜனும் கெட்டு விடும். பிறகு எருவுக்கும் தீவனத்துக்கும்தான் ஆகும். வாங்க ஆள் வேண்டும், பனிக்கட்டி வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். இந்த மூன்றும் கரைக்கு வந்தால்தான் கழிவு காசாகும்.

பொம்மையார்பாளையம் பக்கத்துக் கரையைக் கடல் அரித்துக் கொண்டே வருகிறது. படகை இழுத்து நிறுத்தவும் கருவாடு காய வைக்கவும் மணல் சுருங்குகிறது. அங்கே உழைக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு ரூபாயும் பெரிது. விஞ்ஞானியின் கண்ணாடிக் குழாயில் ஊதா மஞ்சள் ஆனதன் பலன், டப்பாவில் பொய் ஒட்டி விற்பவருக்கு மட்டும் போகக் கூடாது. குருத்தை அறுத்துக் கொடுக்கும் கைக்கும் வர வேண்டும்.

"கத்தி வச்சா வெட்டுப்படும், கண்ணு" என்று ஆயா சொன்னாரே, அந்த மெதுவான குருத்துக்குள் படகைக் கட்டும் கயிறுபோல் ஒரு முப்புரிக் கயிறு இருக்கிறது. அதன் முறுக்கைக் கண்டு சொன்னது நம் சென்னை. அதன் பலன் நம் கடற்கரைக்கும் கிடைக்கட்டும்!